எல்லைக்கல்லில் முடிந்த கால்வாய்

சால்வை போட்டு, பூங்கொத்து கொடுத்து, "இளம் பொறியாளர்களுக்கு உங்க அனுபவத்துல இருந்து நாலு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்று போன வாரம் என்னை மேடையேற்றினீர்கள். மைக்கைப் பிடித்தேன், ஒன்றும் வரவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வயசான அம்மா, உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். கைதட்டல்கூடக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. உண்மையில் எனக்கு வந்தது கோபம். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் நீங்கள் மாட்டியிருந்த படம்தான் காரணம். நகரத்தின் மழைநீர் வடிகால் திட்டத்தைப் புதுப்பித்து ஆலோசனை நிறுவனம் கொடுத்திருக்கும் படம். நீலமும் பச்சையுமாகக் கம்ப்யூட்டரில் போட்டது, பார்க்க அழகாகவே இருக்கிறது. தெற்கு மூலையில், பிரதான கால்வாய் நகர எல்லையைத் தொடுகிற இடத்தில், ஒரு சின்ன அம்புக்குறி போட்டு முடித்துவிட்டார்கள்.

அந்த அம்புக்குறியை எனக்கு முன்பே தெரியும். நாலு வார்த்தையில் அதைச் சொல்ல முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பாதி. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு நகராட்சி. எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். நான் மொரப்பூர்ப் பக்கத்துக்காரி. ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்துவிட்டு, பொறியியல் பிரிவில் வரைவாளராகச் சேர்ந்திருந்தேன். என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், "டிராயிங் அம்மா" என்பார்கள். இருபத்து நாலு வயசில் அம்மா. சன்னல் ஓரத்து மேசை, டிரேசிங் பேப்பர், மை, நான். வெளியே போகிற வேலை ஆண்களுக்கு, வரைகிற வேலை எனக்கு என்று அங்கே ஒரு எழுதாத விதி இருந்தது.

அந்த வருஷங்கள் வறட்சி. ஏரி தரையைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதில் கிரிக்கெட் ஆடினார்கள், மாட்டுச்சந்தைகூட ஒரு முறை அங்கேதான் நடந்தது. நகராட்சித் தண்ணீர் லாரி தெருத்தெருவாகப் போகும். ஓட்டுபவர் சலீம் பாய். வாய்விட்டுப் பேசுகிற மனுஷர், லாரியைத் தன் வீட்டுக் கறவை மாடு போல் பார்த்துக்கொள்வார். தெற்கே கடைசித் தெருவைத் தாண்டினால் நகராட்சி எல்லைக்கல். அங்கே லாரி நின்றுவிடும். கல்லுக்கு அந்தப் பக்கம் ஊராட்சி. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கொட்டாய், அதாவது காட்டு நடுவே இருக்கும் சில வீடுகள். அந்தப் பெண்கள் குடத்தோடு கல் வரைக்கும் நடந்து வருவார்கள். நகரத்து ஜனம் பிடித்து மிச்சம் இருந்தால் பாய் அவர்களுக்குப் பிடித்துவிடுவார். லாரியை மட்டும் ஒரு சக்கரம்கூட அந்தப் பக்கம் உருட்டக் கூடாது என்று ஆபீசில் உத்தரவு. தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள் என்பது காரணம்.

இப்படி மழைக்கு வழியில்லாத காலத்தில்தான் மழைநீர் வடிகாலுக்குப் புதுத் திட்டம் போட மெட்ராஸிலிருந்து ஆலோசகர்களை அமர்த்தினார்கள். டீக்கடையெல்லாம் சிரித்தது. ஆனால் பழைய திட்டம் போட்ட காலத்தில் ஊர் எங்கள் காலத்து அளவில் பாதிதான். அதற்கப்புறம் ஏரிக்குக் கீழே தாழ்வான இடத்தில் பஸ் ஸ்டாண்டு வந்தது, கடைவீதி வந்தது, அரசு ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வார்டு வந்தது. ஏரி என்றைக்காவது நிரம்பினால் தண்ணீர் முதலில் அந்த வார்டைத்தான் பார்க்கும். அதனால் திட்டம் தேவைதான். ரொம்ப காலம் கழித்துத் தேர்தல் நடந்து வந்திருந்த சேர்மனுக்கும் ஏதாவது பெரிதாகச் செய்து காட்ட வேண்டியிருந்தது.

ஆலோசகர்கள் சார்பில் வந்தவர் ரகு என்று ஒரு இளம் பொறியாளர். கெட்ட மனுஷர் இல்லை. கொளுத்துகிற வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, ஊர் முழுக்க மேடுபள்ளம் அளந்து லெவல் எடுத்தார். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பாதி நாள் தயிர்சாதத்தில் ஓட்டினார். அவர் போட்ட கணக்கில் குறை சொல்ல முடியாது. ஊர்த் தண்ணீரையெல்லாம் பஸ் ஸ்டாண்டு ரோட்டோரம் ஒரே பெரிய கால்வாயில் சேர்த்து, தெற்கு எல்லைக்குக் கொண்டுபோனார். எல்லைக்கல்லில் அம்புக்குறி. பக்கத்தில் "இயற்கை ஓடைக்கு" என்று இரண்டு வார்த்தை.

எங்கள் நகராட்சி இன்ஜினியருக்கு ஒரு பழக்கம். பெயர் வேண்டாம், அவர் விரும்பியிருக்க மாட்டார். எந்தப் படம் வந்தாலும் நடுவில் பார்க்க மாட்டார். கோடு எங்கே முடிகிறது என்று தேடுவார், அந்த இடத்துக்கு நேரில் போவார். போய், இன்னும் கொஞ்ச தூரம் நடப்பார். ஆபீசில் அதற்காக அவரைக் கேலி செய்வார்கள், "சார் காட்டுக்குப் போயிருக்காரு" என்று. அன்றைக்கு என் மேசைக்கு வந்து, "நீதானே வரையற? வந்து பாரு" என்றார். ஒரு பெண் ஜீப்பில் சைட்டுக்குப் போகிறாள் என்று ஆபீசே சன்னலுக்கு வந்துவிட்டது.

எல்லைக்கல்லைத் தாண்டி ஓடை என்று ஒன்றுமே இல்லை. ஒரு காலத்தில் இருந்திருக்கும். வறட்சியில் தூர்ந்து, மாட்டுவண்டித் தடமாகி, அப்புறம் வயலாகி, அதன் மேல்தான் கொட்டாய் நின்றது. மண்சுவர், ஓலைக் கூரை, சுற்றி மல்பெரித் தோட்டம். கல்லருகே ஒரு பெண் இரண்டு குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தாள். பெயர் மாதம்மா. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, இவள் மாமியாரை வைத்துக்கொண்டு பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தாள். புழு வளர்க்கிற கொட்டகைதான் அவள் வீட்டிலேயே நல்ல கட்டடம், குடியிருக்கிற வீடு அதில் பாதிகூட இல்லை. கிணற்றில் ஊறுகிற கொஞ்சத் தண்ணீரை மல்பெரிக்கு விட்டுவிட்டு, குடிக்க லாரிக்கு நடந்துவருகிறாள்.

ஜீப்பையும் என்னையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, என்னமோ கால்வா வெட்டறாங்களாமே, எங்க பக்கந்தான் வருதுங்களா?"

"ஆமாங்க, இந்தக் கல்லு வரைக்கும்."

"வரட்டும் வரட்டும். அதுல தண்ணி வருங்களா?"

அவள் முகத்தில் இருந்தது ஆசை. இன்ஜினியர் ஒன்றும் பேசவில்லை. கொட்டாயைப் பார்த்தார், ஊர்ப்பக்கம் திரும்பி மேட்டைப் பார்த்தார். ஜீப்பில் ஏறினார்.

ரகுவிடம் கேட்டார். ரகு நேர்மையாகவே சொன்னார். "எங்க ஸ்கோப் முனிசிபல் லிமிட் வரைக்கும்தான் சார். அதுக்கு அப்பறம் சர்வே பண்ண எங்களுக்கு ஆர்டர் இல்ல." சேர்மனிடம் கேட்டார். "நம்ம ஜனத்து வரிப்பணத்துல அடுத்தவன் காட்டுல கால்வா வெட்டச் சொல்றீங்களா? அடுத்த தேர்தல்ல நீங்க வந்து ஓட்டுக் கேப்பீங்களா?" என்றார் சேர்மன். ஊராட்சி ஒன்றியத்தில் கேட்டார். அது ஊர்த் தண்ணீர், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் எல்லைக்குள் அவரவர் சொன்னது சரி. நம் தொழிலின் சாபம் இதுதான் என்று எனக்கு அப்போது புரியவில்லை. திட்டம் கவுன்சிலில் நிறைவேறிற்று, கால்வாய் கட்டினார்கள்.

இன்ஜினியரால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. கால்வாயின் கடைசியில், கல்லை ஒட்டி, மண்ணும் பாறையும் போட்டு ஒரு அடைப்பு வைத்துவிட்டார். அந்தப் பக்கம் ஓடை வெட்ட அனுமதி வரும்வரை இதை எடுக்கக் கூடாது என்றார். சாக்கடை தேங்கியது, கொசு மொய்த்தது, ஊரே அவரைத் திட்டியது. கொசுவுக்கு இன்ஜினியர் பெயரையே வைத்துக் கூப்பிட்டார்கள். மழை வராதவரை அதுவும் சிரிப்பாகவே போயிற்று.

ஐப்பசியில் மழை வந்தது. அத்தனை வருஷத்து பாக்கியையும் சேர்த்துக் கொட்டியது. விடாமல் பெய்து, ஒரு காலையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கலிங்கு வழிந்தது. ஊர் முதலில் சந்தோஷப்பட்டது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனது. அப்புறம் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் ஏறியது. புதுக் கால்வாய் வாங்கிக்கொண்டு வந்து, அடைப்பில் முட்டி, பின்னுக்கு எழும்பியது. கடைவீதியில் துணிக்கடைகளுக்குள் புகுந்தது. ஆஸ்பத்திரிக்குள் புகுந்தது.

நான் அடைப்பின் மேல் இன்ஜினியருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். குடை பிடிப்பது வரைவாளரின் வேலை இல்லைதான். வேறு யாரும் அவர் பக்கத்தில் நிற்கத் தயாராக இல்லை. சேர்மன் வந்தார், பின்னாலேயே கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒரு கூட்டம்.

"உடைங்க சார்! என்ன பாத்துக்கினு நிக்கறீங்க?"

"உடைக்கிறேங்க. கொட்டாய்ல ஆளுங்க இருக்காங்க. லாரி அனுப்பியிருக்கேன். வந்துரட்டும்."

"அங்க நாலு வூடு. இங்க ஆஸ்பத்திரிங்க! பச்சப் புள்ளைங்க இருக்குது!"

"தெரியும். அதனாலதான் உடைக்கமாட்டேன்னு சொல்லலை."

இளம் நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவருக்கு யார் மேல் வேண்டுமானாலும் பழி போட வசதி இருந்தது. ஆலோசகர் படம், கவுன்சில் தீர்மானம், சேர்மன் வாய்மொழி உத்தரவு, எல்லாம் கையில். உடைத்துவிட்டு, சொன்னார்கள் செய்தேன் என்று போயிருக்கலாம். இல்லை, கொட்டாய்க்காரர்களுக்காக நின்றேன் என்று கடைசிவரை நின்று வீரராகி இருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு ஆளைக் கூப்பிட்டு, "நீ ஓடிப்போய் பிரசவ வார்டுல கட்டில் கால்ல தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்துட்டு வா. கத்தாதே, பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். ஆள் போய் வந்து தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். தாய்மார்கள் கட்டில் மேலேயே இருக்கிறார்கள், பிள்ளைகளை மேசை மேல் படுக்க வைத்திருக்கிறார்கள் என்றான்.

"மெத்தையைத் தொட்டா உடைச்சிடுவேன்" என்றார் இன்ஜினியர். எல்லாரும் கேட்கும்படி சொன்னார். பிறகு என்னிடம் மட்டும் மெதுவாக, "லாரி வந்தாலும் வராட்டியும்" என்றார்.

மெத்தைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்தது ஒரு சாண்தான். அந்த ஒரு சாணுக்குள் கொட்டாய் காலியாக வேண்டும்.

தண்ணீர் லாரி வந்தது. அத்தனை வருஷமும் கல்லைத் தாண்டாத லாரி முதல் தடவையாகத் தாண்டிப் போய்த் திரும்பியது. டேங்க் மேல் ஜனங்கள், முன்னால் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஆடுகள். மாதம்மாவின் மாமியார் டேங்கின் இரும்பு வளையத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். மாதம்மா இல்லை.

சலீம் பாய் குதித்து இறங்கினார். "சார், அந்தம்மா மட்டும் வரமாட்டேங்குது. புழு பழுத்துருச்சாம். தட்டியில ஏத்தாம வரமுடியாதுன்னு கதவைப் புடிச்சுக்கினு நிக்குது. நான் என்னா சார் பண்ணட்டும், பொம்பளையைக் கையப் புடிச்சு இழுக்கவா?"

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். "உன்னை அவங்களுக்குத் தெரியும். போ."

மறுத்திருக்கலாம், அது என் வேலையே இல்லை. ஜனங்களை இறக்கிவிட்ட லாரியில் ஏறி உட்கார்ந்தது நினைவிருக்கிறது, என்ன நினைத்து ஏறினேன் என்பது நினைவில்லை.

கொட்டகைக்குள் சூடாக இருந்தது. குளிருக்குப் புழு செத்துவிடும் என்று கரி அடுப்பு வைத்திருந்தாள். புழு வளர்த்தவர்களுக்குத் தெரியும், முட்டையிலிருந்து அத்தனை நாளும் வேளை தவறாமல் இலை வெட்டிப் போட்டு, பிள்ளைத்தாய்ச்சியைப் போல் பார்த்து, கடைசியில் புழு மஞ்சளாகப் பழுக்கும். பழுத்ததை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வட்டமாகப் பின்னிய மூங்கில் தட்டியில் விட வேண்டும். விட்டால் கூடு கட்டும், விடாவிட்டால் அத்தனை பாடும் வீண். அந்த நாள் அன்றைக்குத்தான் வந்திருந்தது. மாதம்மா குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். பழுக்காத புழுக்கள் இன்னும் இலை தின்றுகொண்டிருந்தன. அந்தச் சத்தமும் வெளியே மழைச் சத்தமும் ஒன்றாகவே கேட்டது.

"மாதம்மா, வாங்க. உடைக்கப் போறாங்க."

"ரெண்டே நாளு கண்ணு. ரெண்டு நாளு நிறுத்தச் சொல்லு. கூடு கட்டிரும்."

"ரெண்டு நாளெல்லாம் முடியாதுங்க. ஆஸ்பத்திரியில தண்ணி ஏறுது. குழந்தைங்க இருக்கு."

அவள் நிமிரவில்லை. கை மட்டும் நின்றது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லாத காலம் அது. "இதுங்களும் அப்படித்தான்" என்று அவள் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது. அவள் அப்படிச் சொல்லவில்லை.

"எத்தினி கொழந்தைங்க?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க. வார்டு நிறைய."

ஒரு தட்டியை எடுத்தாள். அதில் ஏற்றியிருந்த புழுக்களின் மேல் தன் முந்தானையைப் போட்டு மூடினாள். மற்றதையெல்லாம் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். அடுப்பு அணையாமல் இருக்கக் கொஞ்சம் கரியை அள்ளிப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அந்த அடுப்புக்குக் கரி போட்டாளே, அதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

லாரி கல்லைத் தாண்டியதும் இன்ஜினியர் தலையசைத்தார். கடப்பாரை விழுந்தது. அடைப்பு ஒரு ஓரம் சரிந்ததும் மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. நாங்கள் எல்லாரும் அங்கேயே நின்று பார்த்தோம். மண்சுவர் விழுகிற சத்தம் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஊறின சுவர் அப்படியே உட்காரும். ஒவ்வொரு வீடாக உட்கார்ந்தது. புழுக்கொட்டகை கடைசியாகப் போனது, கூரை மட்டும் கொஞ்ச தூரம் மிதந்தது. மாதம்மா டேங்க் மேல் தட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார்தான் கன்னடத்தில் என்னவோ சொல்லிச் சொல்லி அழுதார்.

வார்டில் மெத்தை நனையவில்லை. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கொட்டாய்க்காரர்களை நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மழை விட்டபிறகு மாதம்மா ஆபீசுக்கு வந்தாள். நேராக இன்ஜினியர் அறைக்குள் போனாள். நான் படத்தோடு உள்ளேதான் இருந்தேன். அவர் எழுந்து நின்றார். அவள் உட்காரவில்லை, கத்தவும் இல்லை.

"தண்ணியில்லாத காலத்துல லாரி கல்லுக்கு அந்தாண்ட வராதுன்னீங்க. சட்டம்னீங்க. சரின்னு நாங்க கொடத்தைத் தூக்கினு நடந்து வந்தோம். இந்தத் தண்ணிக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லீங்களா சார்?"

அவர் ஆலோசகர் பெயரை எடுக்கவில்லை, சேர்மன் பெயரை எடுக்கவில்லை. "நான்தாம்மா உடைச்சேன்" என்றார்.

"உசுரோட வுட்டீங்களேன்னு உங்களைக் கும்புடணுமா, வூடு போச்சேன்னு மண்ணை வாரித் தூத்தணுமா? எனக்குத் தெரியலீங்க. நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

"தூத்திட்டுப் போங்கம்மா" என்றார்.

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். கும்பிடவும் இல்லை, தூற்றவும் இல்லை. போய்விட்டாள். அவள் போனபிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்துவிடலாம். விசாரணை வந்தது. ஏன் அடைப்பு வைத்தீர்கள் என்று ஒரு கேள்வி, ஏன் உடைக்கத் தாமதித்தீர்கள் என்று ஒரு கேள்வி, ஏன் உடைத்தீர்கள் என்று ஒரு கேள்வி. ஒன்றுக்கு ஒன்று இடிக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. துணி நனைந்த கடைக்காரர்கள் அவர் மேல் மனு எழுதினார்கள். கொட்டாய்க்காரர்களுக்கு நிவாரணம் என்று பேச்சு வந்தபோது, அது எல்லைக்கு வெளியே என்று நகராட்சி சொன்னது, அது நகராட்சித் தண்ணீர் என்று ஒன்றியம் சொன்னது. வார்டில் இருந்த தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரூருக்கும் பாலக்கோட்டுக்கும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். தங்களைக் காப்பாற்றியது யார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. இன்ஜினியரைத் தெற்கே கண்காணாத ஊருக்குத் தூக்கியடித்தார்கள். ரகுவின் நிறுவனம் கட்டிமுடித்த கால்வாயின் இறுதிப் படத்தை அனுப்பியது. அம்புக்குறி அதே இடத்தில் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனது நானும் சலீம் பாயும்தான். பஸ் கிளம்புகிற சமயத்தில் சன்னல் வழியாகக் கேட்டார், "அந்தம்மா எங்க போனாங்க, தெரிஞ்சுதா?"

பள்ளிக்கூடத்தில் நான் அவளைக் கடைசியாகப் பார்த்திருந்தேன். அந்த ஒரு தட்டியை வகுப்பறை மூலையில் காற்றுப் படாமல் வைத்திருந்தாள். ஈரத்திலும் சில புழுக்கள் கூடு கட்டியிருந்தன, மெல்லிசாக, உள்ளே இருக்கிற புழு தெரிகிற மாதிரி. சந்தையில் எடுக்க மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். அடுத்த தடவை போனபோது அந்த மூலையில் யாருமில்லை. மாமியாரைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள், செங்கல் சுமக்க.

சொன்னேன். அவர் தலையாட்டினார். பஸ் போய்விட்டது. சில வருஷங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு அவர் மேல் வருத்தமும் உண்டு. அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் வறட்சியிலேயே ஒரு கால்வாய் வெட்ட வைக்க அவரால் முடியவில்லை. மழையில் எடுத்த முடிவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வெயிலில் எடுக்காத முடிவுக்கு அது ஈடாகவில்லை. ஒரு சாண் இடைவெளியில் நின்று அவர் காட்டிய நிதானத்தை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைதான். அதைவிட, அந்த ஒரு சாணுக்கு யாரையும் கொண்டுபோய் நிறுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். ஊர் வளர்ந்து எல்லைக்கல்லும் தெற்கே நகர்ந்துவிட்டது. கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது மனைகள் போட்டு மாடிவீடுகள். கால்வாயும் கூடவே நீண்டிருக்கிறது. அம்புக்குறியும் புதுக் கல்லுக்குக் குடிபோயிருக்கிறது. விழாவில் உங்களில் ஒருவரிடம் அதைக் காட்டி, இதற்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. "அது ஸ்கோப்ல இல்லைங்க மேடம்."

நேற்று டவுன் பஸ் ஏறிப் போனேன். முட்டிவலியோடு, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கல் வரைக்கும் நடந்து, இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன். தகரக் கூரை போட்டு வரிசையாகச் சில வீடுகள். ஒரு பெண், இடுப்பில் பிள்ளை, கையில் பிளாஸ்டிக் குடம். நான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"சர்வேக்கு வந்தீங்களாம்மா? பெரிய கால்வா வருதாமே. எங்களுக்கும் அதுல தண்ணி வருங்களா?"

அவரைப் போலவே நானும் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். படத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை என்று தெரியும். வானமும் இன்னும் வெளுத்துத்தான் இருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்.